வாரம் தவறாத விருந்தாளி

ஆட்டையும் மாட்டையும் வாங்கிக் கொடுத்துவிடலாம். கூடவே அனுப்பவேண்டிய ஆளைத் தயார் செய்வதில்தான் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் தடுமாறுகின்றன.

பிகார் கிராமங்களில் ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடக்கும் முசஹர் டோலாவுக்குள் கையில் ஃபைலுடன் ஒருவர் நுழைந்தால் அவரை முதலில் வரவேற்பது மௌனம். ‘என்ன உதவி வேண்டும்?’ என்று கேட்டால் ‘ஒன்றும் வேண்டாம்’ என்ற பதில் வரும். அதில் வியப்பில்லை. அதுவரை ஃபைலுடன் வந்தவர்கள் கைரேகை வாங்கிக்கொண்டு போனவர்கள், அல்லது கடன் தவணை கேட்டு வந்தவர்கள். அந்த ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதை அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டு திரும்புபவர் ஒரு ரகம். அடுத்த வாரமும் அதே நாளில் வந்து அதே திண்ணையில் உட்காருபவர் இன்னொரு ரகம். முதல் ரகத்தை இரண்டாவது ரகமாக மாற்றுவதற்குப் பெயர்தான் பயிற்சி.

பிகாரில் இந்தப் பயிற்சிக்கு அவசியம் வந்ததற்கு மதுவிலக்கும் ஒரு காரணம். 2016 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் மது தடைசெய்யப்பட்டபோது, கள் இறக்கியும் சாராயம் விற்றும் பிழைத்த குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. அவர்களையும் மற்ற பரம ஏழைகளையும் கைதூக்கிவிட 2018 ஆகஸ்டில் ‘சதத் ஜீவிகோபார்ஜன் யோஜனா’ தொடங்கப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால், நீடித்து நிற்கும் பிழைப்புக்கான திட்டம். நடத்துவது ‘ஜீவிகா’ என்ற மாநில அமைப்பு. சுய உதவிக் குழுக்கள் சேர்ந்த கிராமச் சங்கம் பயனாளியைத் தேர்வு செய்கிறது. தொழிலுக்கான பொருளை வாங்கித் தருவதும் சங்கம்தான். தொழில் கைகொடுக்கும்வரை சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் ஏழு மாதங்கள் உண்டு. இவற்றோடு ஒரு மனிதரும் வருகிறார். ‘மாஸ்டர் ரிசோர்ஸ் பெர்சன்’ என்ற கனமான பட்டத்தைச் சுமக்கும் இவர் பெரும்பாலும் அதே வட்டாரத்துக்காரர். ஏறத்தாழ 30 குடும்பங்கள் இவர் பொறுப்பு.

இந்த ஏற்பாடு பிகாரின் கண்டுபிடிப்பல்ல. வங்கதேசத்தின் ‘பிராக்’ நிறுவனம் 2002லேயே பரம ஏழைகளுக்கென்று இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பாதையில் மேற்கு வங்கத்தின் கொன்னகரில் பிறந்த ‘பந்தன்’ முர்ஷிதாபாத் மாவட்டத்தில் களம் இறங்கியது. சிறுகடன் கொடுத்து வளர்ந்த நிறுவனம் அது. ஆனால் கடன் வாங்கக்கூடத் துணியாத ஒரு அடுக்கு ஊருக்கு ஊர் இருப்பது அதற்குத் தெரிந்தது. அந்த அடுக்குக்குக் கடன் இல்லாமல், இலவசமாகவே மாடும் ஆடும் வியாபாரச் சரக்கும் தர முன்வந்தது. என்ன நடந்தது? தேர்வான குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி வேண்டாம் என்றுவிட்டன! சில ஊர்களில் ‘இது மதம் மாற்ற வந்த கிறிஸ்தவ அமைப்பு’ என்ற சந்தேகம் கிளம்பியது. சும்மா ஒருவர் மாடு தருவாரா என்ற கேள்வியில் அனுபவ ஞானம் இல்லாமல் இல்லை.

ஒப்புக்கொண்ட குடும்பங்களைப் பந்தன் ஊழியர்கள் ஒன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் சந்தித்தார்கள். பின்னாளில் 2019ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களுடன் இந்தக் குடும்பங்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மாடு செத்திருக்கும், பணம் கரைந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். திட்டத்தில் சேர்க்கப்பட்ட குடும்பங்களின் நிலை, சேர்க்கப்படாத குடும்பங்களைவிட ஏழாவது ஆண்டுவரை மேலும் மேலும் உயர்ந்தது. பத்தாவது ஆண்டிலும் சரியவில்லை. எத்தியோப்பியா, கானா, பாகிஸ்தான், பெரு உள்ளிட்ட ஆறு நாடுகளின் அனுபவம் 2015ல் வெளியானபோது, ஹோண்டுராஸ் தவிர மற்ற இடங்களில் போக்கு பெரும்பாலும் இதேதான்.

ஆனால் கானாவிலிருந்து வந்த இன்னொரு தகவலைத்தான் நம் நிதித்துறை அதிகாரிகள் படிக்க வேண்டும். அங்கே சில குடும்பங்களுக்கு ஆடுகளை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி இல்லை, வாராந்தர வருகை இல்லை, சேமிப்பு ஏற்பாடு இல்லை. நீடித்த பலன் எதுவும் தென்படவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பெற்ற குடும்பங்கள் முன்னேறின. வருகைக்கு மட்டும் இதில் எவ்வளவு பங்கு என்று ஆய்வு பிரித்துச் சொல்லவில்லைதான். இருந்தாலும் ஆடு மட்டும் போதாது என்பது தெளிவு. செலவைக் குறைக்க உட்காரும்போது எந்த அரசுக்கும் முதலில் கண்ணில் படுவது வருகைச் செலவுதான். ஆடு கணக்கில் ஏறும், புகைப்படத்தில் விழும். திண்ணையில் உட்கார்ந்து பேசியதை எந்தப் பத்தியில் எழுதுவது?

அந்தப் பேச்சுக்குத்தான் பயிற்சி. அது தொடங்குவது மண் தரையில். கோலப்பொடியிலும் செங்கல் தூளிலும் கிராமத்து வரைபடத்தை ஊர்மக்களே போடுகிறார்கள். கோயில், கிணறு, பள்ளி, வீடுகள். பிறகு எந்த வீடு வசதியானது, எது ஏழை வீடு என்று அவர்களே வரிசைப்படுத்துகிறார்கள். பார்ப்பதற்கு ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பரம ஏழை அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. அன்று கூலிக்குப் போயிருப்பார், அல்லது கூப்பிட யாரும் போயிருக்க மாட்டார்கள். வரைபடத்திலேயே இடம்பெறாத குடிசை எது என்று கேட்கப் பழகுவது முக்கியமான பாடம். பட்டியலை வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பது அதற்காகவே.

அடுத்த பாடம் உட்காருவது. வீட்டுப் பெண் தரையிலும் வந்தவர் கட்டிலிலும் உட்கார்ந்தால் பேச்சு விசாரணையாகிவிடும். ஊரில் ஒருமையில் அதட்டப்பட்டே பழகிய பெண்ணை ‘தீதி’ – அக்கா – என்று அழைக்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டுமல்ல, தொழில் நுணுக்கமும்கூட. வந்தவர் வேறு சாதிக்காரராக இருந்தால், கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறாரா என்பதை டோலா முழுவதும் கவனிக்கும். இதை எந்தக் கையேட்டிலும் தனி அத்தியாயமாகப் போட முடியாது.

உண்மையான சோதனை தொழில் தொடங்கிய பிறகு. பிகாரில் பலர் விரும்பிக் கேட்பது ஒரு பெட்டிக்கடை. பிஸ்கெட், உப்பு, சோப்பு, கடுகெண்ணெய் என்று சரக்கு நிரம்பியிருக்கும். இரண்டு மாதத்தில் பாதி காலி. எங்கே போனது? கொஞ்சம் வீட்டு வயிற்றுக்கு. கொஞ்சம் ‘உதார்’ என்ற கடனுக்கு, அதுவும் உறவுக்காரர்களுக்கு. மருந்துக்கு அவசரமாக எடுத்த பணம் கொஞ்சம். அனுபவமில்லாத ஊழியர் இந்த இடத்தில் உபதேசம் செய்வார்: ‘கடன் கொடுக்காதே.’ நேற்று வரை அந்த உறவுக்காரர்கள்தான் அவளுக்கு அரிசி கொடுத்துக் காப்பாற்றியவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. மறுத்துவிட்டால் அடுத்த பஞ்சத்துக்கு அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

பயிற்சி பெற்றவர் வேறு விதமாகக் கேட்பார். யாருக்கு எவ்வளவு, அவர்களுக்குக் கூலி கிடைக்கும் நாள் எது, சரக்குக் காசுக்குத் தனி டப்பா வைக்கலாமா, எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பேத்தி மாலையில் எழுதித் தருவாளா? மாடு வைத்திருக்கும் வீட்டில் கேள்விகள் வேறு. தடுப்பூசி போட்டாயிற்றா, தீவனம் யார் கொண்டுவருவது, பால் காசு யார் கைக்குப் போகிறது? கடைசிக் கேள்வியைக் கணவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது என்பதும் பாடத்தில் அடக்கம்.

இதற்கெல்லாம் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 1936ல் பம்பாயில் சர் டோராப்ஜி டாடா பெயரில் தொடங்கிய பட்டப்பள்ளிதான் இந்தத் துறையில் நாட்டின் முன்னோடி. இன்றைய டாடா சமூக அறிவியல் கழகம் அதிலிருந்து வளர்ந்ததே. அதன் முதல் இயக்குநரான அமெரிக்கர் கிளிஃபோர்டு மான்ஷார்ட், அதற்கு முன்பே நாக்பாடா சேரிப் பகுதியில் சமூக மையம் நடத்தியவர். களப்பணி பாடத்திட்டத்தின் உயிர்நாடியாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் பல கல்லூரிகளில் மாணவர் படிப்பது அமெரிக்கப் பாடநூல்களின் ‘கேஸ்’. கையெழுத்து வாங்குவதற்காகக் களத்துக்குப் போவதும் நடக்கிறது. வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் உண்டு. சமூகப்பணித் தொழில் முழுவதற்கும் அப்படி ஒரு தேசிய கவுன்சில் இல்லை. பட்டம் பெற்றவர்களில் கணிசமானவர்கள் கம்பெனிகளின் பணியாளர் துறைக்கும் தொண்டு நிறுவனங்களின் நகர அலுவலகங்களுக்கும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, குடும்பம் அவர்களுக்கும் உண்டு. விளைவு, ஏழை வீட்டுக்கு வருபவர் அங்கன்வாடி ஊழியராகவோ, ஆஷா பணியாளராகவோ, சில நாள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரராகவோ இருக்கிறார்.

கேரளம் இந்த உள்ளூர்க்காரர்களை நம்பியே பெரிய காரியத்தில் இறங்கியது. 2021ல் தொடங்கிய கடும் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் வார்டு வார்டாக நடந்த கணக்கெடுப்பு 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டது. உணவு, உடல்நலம், வருமானம், வீடு ஆகிய நான்கும்தான் அளவுகோல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக ஒரு நுண்திட்டம் போடப்பட்டது. வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு அங்கே வேறொரு பிரச்னை காத்திருந்தது. பலரிடம் ரேஷன் கார்டோ ஆதாரோ இல்லை. சலுகைகள் ஏராளமாக இருந்தும் அவர்களை அவை எட்டாமல் போனதற்கு இதுவே காரணம். தாளே இல்லாதவர்களுக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தாள் வாங்கித் தருவதுதான் முதல் மருந்தாக இருந்தது. மூட்டுவலிக்காரரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதும், சமைக்க முடியாதவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதும் அதே பட்டியலில் இருந்தன.

2025 நவம்பர் 1 அன்று கேரளம் கடும் வறுமையற்ற மாநிலம் என்று அரசு அறிவித்தது. கணக்கெடுத்த முறை பற்றிப் பொருளியலாளர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். அது தனி விவாதம். ஆனால் அந்த விழா நடந்த அதே திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்தின் வாசலில் ஆஷா பணியாளர்களில் ஒரு பிரிவினர் பிப்ரவரியிலிருந்து போராடிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர்களின் மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். கேட்டது 21,000. அறிவிப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் கடைசியில் அரசு 1,000 ரூபாய் உயர்த்தியது.