காய்ச்சல் விட்ட பிறகும் விடாத வலி

தாயில்பட்டியில் மேல்வலியை யாரும் ஒரு நோயாக நினைப்பதில்லை. வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆபீசுகளிலும் பகலெல்லாம் குனிந்து வேலை பார்த்தவர்களுக்குச் சாயங்காலம் தோளும் தொடையும் குடையத்தான் செய்யும். மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் தசையையே சிதைத்துவிடும். அப்படி நடப்பது அபூர்வம். ஆனால் வலி பழகிப்போன ஊரில், நடக்கும்போதும் கண்ணில் படாமல் போகலாம்.

தசைச் செல் உடைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ரத்தத்தில் கலக்கும். மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துக் கெடுக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ராப்டோமயோலிசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உலகப் போரில் லண்டன்மீது குண்டு விழுந்த நாட்களில், இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட சிலர் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் 1941-இல் அதைப் பதிவு செய்தார்கள். அங்கே தசை நசுங்கியிருந்தது. மருந்தாலும் அதே கேடு வரலாம்.

டாப்டோமைசின் என்ற ஊசி மருந்தின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. துருக்கியின் அரராத் மலை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது அது. எலை லில்லி நிறுவனம் நாளுக்கு இருமுறை கொடுத்துச் சோதித்தபோது தசைச் சேதம் தெரிந்தது, மருந்தைக் கைவிட்டுவிட்டார்கள். பின்னர் கியூபிஸ்ட் என்ற நிறுவனம் அதை எடுத்து, நாளுக்கு ஒரே முறை என்று மாற்றியது. நடுவில் கிடைத்த நேரத்தில் தசை தன்னைச் சரிசெய்துகொண்டது. 2003-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இன்றும் இந்த மருந்து ஏறும் நோயாளிக்கு வாரம் ஒருமுறையாவது சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வலியோடு அது 1000-ஐத் தாண்டினாலோ, வலியே இல்லாமல் 2000-ஐ எட்டினாலோ நிறுத்திவிடுவார்கள். மற்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிக்கு எதிராக இதைக் கொடுப்பார்கள். தீக்காயப் புண்ணில் அந்தக் கிருமி சேரக்கூடும் என்பதால், வெடிவிபத்துகளைக் கண்ட நம் பகுதி இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஆனால் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமான ஆபத்து கொழுப்பு மாத்திரையோடு வருகிறது. சுகர் இருக்கும் பலருக்கு அட்டோர்வாஸ்டாடின் எழுதித் தருகிறார்கள். தசைவலி அந்த மாத்திரைக்கே உள்ள பக்கவிளைவு. சளிக்கோ, வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான கிருமிக்கோ கிளாரித்ரோமைசினும் சேர்ந்தால், கொழுப்பு மாத்திரையைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி முடங்கிப்போகும். மாத்திரை ரத்தத்தில் தேங்கும். எரித்ரோமைசினும் அப்படியே. கனடாவின் ஒன்டாரியோவில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், இந்தச் சேர்க்கையால் ராப்டோமயோலிசிஸ் வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், அசித்ரோமைசின் சாப்பிட்டவர்களைவிட இரு மடங்குக்கும் சற்று அதிகம். மொத்த எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். டாக்டரிடம் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னால், அந்தச் சில நாட்களுக்கு அதை நிறுத்தச் சொல்வார், அல்லது வேறு ஆன்டிபயாடிக் எழுதுவார். செட் மாத்திரையில் இதற்கு வழியே இல்லை. அட்டை கிடையாது, பெயர் கிடையாது. என்ன சாப்பிட்டோம் என்று பிறகு டாக்டரிடம் சொல்லவும் முடியாது. எனக்கு இதுதான் மிகவும் கவலை தருகிறது.

சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் குடும்பம் தசையைவிடத் தசைநாரைத்தான் அதிகம் தாக்கும். குதிகாலுக்கு மேலுள்ள நார் அறுந்துபோகலாம் என்று 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

காய்ச்சலிலும் உடம்பு வலிக்கும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதனால் குழப்பம் இயல்பு. காய்ச்சல் இறங்கிய பின் வலி ஏறினால், உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் தொடை சோர்ந்தால், சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போடுவது ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். வலிக்குத் தசையில் போடும் ஊசியும் சி.பி.கே. அளவை ஏற்றிக் காட்டும். கோடை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமாகும்.

சோதனை எளிது. சிறுநீர்ப் பட்டையில் ரத்தம் இருப்பதாகக் காட்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. அப்போது சந்தேகம் தசைமேல் திரும்பும். காரணமான மருந்தை நிறுத்தி, நரம்பு வழியாகச் சலைன் ஏற்றி, பொட்டாசியத்தைக் கவனித்துக்கொண்டால் பலருக்குச் சிறுநீரகம் திரும்பிவிடும். சிலருக்குக் கொஞ்ச நாள் டயாலிசிஸ் தேவைப்படலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்கள் மட்டும் சிறுநீர் ஆரஞ்சாகப் போவதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது அந்த மருந்தின் நிறம்.