ஓடும் ரத்த அணுவைப் படம்பிடிக்கும் விட்டுவிட்டு எரியும் விளக்கு

மழைக்காலக் காய்ச்சல் வந்துவிட்டால் மாங்காட்டு லேப்களில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: பிளேட்லெட் எவ்வளவு? சில சமயம் நோயாளி தெம்பாக உட்கார்ந்திருப்பார். ரிப்போர்ட்டில் 40,000 என்று வந்து வீட்டையே கலங்கடிக்கும்.

எண்ணிக்கை இப்படித் தப்பாகக் குறைவதற்குக் காரணம் ஊதா மூடி போட்ட குழாயிலேயே இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க அதில் சேர்க்கும் இ.டி.டி.ஏ., சிலருடைய தட்டணுக்களை (பிளேட்லெட்டுகளை) ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். எண்ணும் இயந்திரம் பொதுவாக அணுக்களைப் பார்ப்பதில்லை, அணு கடக்கும்போது மின்தடை மாறுவதை வைத்து எண்ணுகிறது. ஒட்டிய கொத்து அதற்கு ஒரே அணுதான். சந்தேகம் வந்தால் டெக்னீஷியன் ஸ்லைடில் ரத்தத்தை இழுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அப்படி இழுத்த பூச்சின் (ஸ்மியர்) நுனியோரம் கொத்துக் கொத்தாகத் தட்டணுக்கள் கிடந்தால், இ.டி.டி.ஏ. இல்லாத நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார்.

எண்ணும் இயந்திரமே படமும் எடுத்தால் இந்த அலைச்சல் இல்லை. ஒளிரும் சாயமேற்றிய அணுக்களைத் தலைமுடி அகலக் கால்வாயில் ஓடவிட்டு எடுக்கலாம். ஆனால் நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஓடும் அணு, ஒரு மில்லி நொடியில் 100 மைக்ரான் நகர்ந்துவிடும். வெள்ளை அணுவின் அகலமே சுமார் 10 மைக்ரான்தான். இரவில் குன்றத்தூர் சாலையில் ஓடும் பஸ்ஸை செல்போனில் எடுத்தால் விளக்கு கோடாக விழுமே, அந்தக் கதிதான். கலங்காமல் எடுக்க 5 மைக்ரோ நொடிதான் அவகாசம். அதற்குள் சாயத்திலிருந்து வரும் ஒளியோ சொற்பம். ஆக, வேகத்தைவிட வெளிச்சப் பஞ்சம்தான் பெரிய தலைவலி.

சாய் சிவ கோர்த்தி, டயான் ஷாக், ஈத்தன் ஷோன்பிரன் மூவரும் 2013-ல் ‘ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ்’ இதழில் ஒரு வழி சொன்னார்கள். (கோர்த்தி பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்துவிட்டார்.) கேமரா திறந்தே இருக்கட்டும், சாயத்தைத் தூண்டும் விளக்கு மட்டும், முன்கூட்டியே வகுத்த ஒழுங்கற்ற தாளத்தில் விட்டுவிட்டு எரியட்டும். விளக்கு அணைந்த சில நானோ நொடிகளில் சாயமும் அணைந்துவிடுவதால் தாளம் பிசகாது. படத்தில் ஒரே அணு பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பார்த்தால் குழப்பம்தான். ஆனால் தாளமும் வேகமும் தெரியுமாதலால் கணினி அவற்றைச் சேர்த்துத் தெளிவான ஒரே அணுவாக மீட்டுவிடும். விளக்கு தொடர்ந்து எரிந்திருந்தால் சில நுண்விவரங்கள் அடியோடு அழிந்திருக்கும். எந்தக் கணக்காலும் மீட்க முடியாது.

யோசனையின் வேர் கார்களில் இருக்கிறது. 2006-ல் ரமேஷ் ரஸ்கர் குழுவினர் கேமராவின் ஷட்டரையே இப்படித் துடிக்கவைத்து, ஓடும் கார்களைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். எனக்கு இதில் பிடித்தது சிக்கனம்: விலையுயர்ந்த அதிவேகக் கேமரா வேண்டியதில்லை.

இடறும் இடமும் உண்டு. கால்வாயின் நடுவில் ஓடும் அணு வேகமாகவும் சுவரோரம் ஓடுவது மெதுவாகவும் போகும். வேகத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டால் கணினி மீட்கும் படமும் கோணலாகும். அதனால் பக்கங்களிலிருந்து வேறொரு திரவத்தைச் செலுத்தி, அணுக்களை நடுவே ஒற்றை வரிசைக்கு ஒடுக்கிய பிறகே விளக்கைத் துடிக்கவிடுவது நல்லது.