தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு டார்க் ரூம்

உட்காரு தம்பி, டீ வரட்டும். எந்த கம்பெனி என்லார்ஜர் வாங்கலாம் என்று கேட்டாய். அதற்கு முன்னால் உன் வீடு இருக்கும் இடத்தைப் பேசிவிடலாம். கவரைப்பேட்டையில், சென்னை–கூடூர் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறாய். கும்மிடிப்பூண்டி லோக்கல் போகிறது, வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் எல்லாம் போகிறது, சரக்கு ரயிலுக்கு நேரம் காலமே கிடையாது. கொஞ்சம் தள்ளி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரி. தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கடைக்குப் போனதும் முதலில் என்லார்ஜரின் தூணைப் பிடித்து ஆட்டிப் பார். லென்ஸ் பிறகு.

காரணம் கேள். 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் என்பது 24-க்கு 36 மில்லிமீட்டர். அதை 8-க்கு 10 இன்ச் பேப்பரில் நிரப்ப எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், லென்ஸ் பேப்பரிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். 12-க்கு 16 இன்ச் பிரிண்ட் என்றால் 70 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். அவ்வளவு உயரத்தில் விளக்கும் லென்ஸும் உள்ள கனமான தலை ஒற்றைத் தூணில் தொங்குகிறது. விளக்கு பத்து, இருபது வினாடி எரிகிறது. அந்த நேரத்தில் தலை நூலிழை சாய்ந்தால் போதும், கீழே படத்தில் இமை முடிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நீயோ ஃபோகஸ் சரியில்லை, லென்ஸ் மட்டம் என்று நினைத்துக்கொண்டு புது லென்ஸுக்குக் காசு சேர்ப்பாய்.

கட்டையான, கனமான, சாய்வாக நிற்கும் தூண் நல்லது. மெல்லிய உருளைக் குழாய் என்றால் அதன் உச்சியை ஒரு இரும்புப் பட்டையால் சுவரோடு இறுக்கிக் கட்டிவிடு. மேடைக்குக் கடப்பா கல் போடு. சரக்கு ரயில் வந்தால் காத்திரு. அதற்காகத்தான் லென்ஸுக்குக் கீழே தள்ளிவிடக்கூடிய சிவப்பு ஃபில்டர் இருக்கிறது. கருப்பு வெள்ளை பேப்பரைச் சிவப்பு வெளிச்சம் பாதிக்காது. கொஞ்ச நேரம் அப்படியே விடலாம், ரயில் போய் அதிர்வு அடங்கும் வரை.

அடுத்தது கரண்ட். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். டங்ஸ்டன் பல்பில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். 230 வோல்ட் 207-க்கு இறங்கியது என்று வை, பக்கத்து வீட்டில் போர் மோட்டார் ஓடும்போது இது நடக்கக்கூடியதே. முதல் பிரிண்ட் சரியாக வந்திருக்கும். அதே நேரம், அதே அப்பர்ச்சரில் அடுத்தது வெளிறிப் போகும். வெளிச்சத்தின் நிறமும் மஞ்சளாகும். வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப கான்ட்ராஸ்ட் மாறுகிற மல்டிகிரேட் பேப்பரில் நீல வெளிச்சம் குறைந்தால் கான்ட்ராஸ்ட்டும் தளரும். ஃப்ரிட்ஜுக்கு வைக்கிற ஸ்டெபிலைசர் டக்கென்று படிப்படியாகத் தாவும், அது இதற்கு ஆகாது. ஆன்லைன் வகை யுபிஎஸ் சிறியதாக ஒன்று வாங்கு. என்லார்ஜருக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டாவது இதற்கு எடுத்து வை.

இனி தலை. கண்டென்சர் தலை வெளிச்சத்தைக் குவித்து அனுப்பும். படம் முறுக்காக இருக்கும். ஆனால் நெகட்டிவில் இருக்கும் ஒவ்வொரு தூசியும் கீறலும் முறுக்காகவே தெரியும். லாரித் தூசி பறக்கிற ஊருக்கு வெளிச்சத்தைப் பரப்பி அனுப்பும் கலர் தலையைத்தான் நான் சொல்வேன். கீறல் பாதி மறையும். அதிலேயே மஞ்சள், மெஜந்தா திருகுகள் இருப்பதால் மல்டிகிரேட் பேப்பருக்குத் தனி ஃபில்டர் செட் தேவையில்லை. கலர் தலைகளில் பெரும்பாலும் 12 வோல்ட் ஹாலஜன் பல்பு. கூடவே டிரான்ஸ்ஃபார்மரைத் தருகிறார்களா என்று பார். கண்டென்சர் தலைதான் கிடைத்தது என்றால் பால் நிற ஓபல் பல்பு வேண்டும்; நம் வீட்டு ஹோல்டர் மாதிரி இல்லாமல் அது திருகு வகை.

இப்போது கம்பெனி. செக் நாட்டு மியோப்டா ஓபெமஸ், இத்தாலியின் டர்ஸ்ட், அமெரிக்க பெஸ்லர், எல்லாமே செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். நம் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் செய்தது. அந்தப் பழைய பேப்பர் டப்பா யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள், ஆனால் அதை வைத்து என்லார்ஜரைச் சோதிக்காதே. வயதான பேப்பர் தானாகவே சாம்பல் பூத்துவிடும், குறை எதில் என்று தெரியாமல் குழம்புவாய்.

35 மில்லிமீட்டர் மட்டும்தான் எடுக்கிறாய் என்றாலும் 6-க்கு 6 சென்டிமீட்டர் நெகட்டிவ் ஏற்கும் என்லார்ஜரை எடு. பழைய ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருந்த யாஷிகா 120 கேமரா என்றாவது உன் கைக்கு வரலாம். அப்போது 80 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று சேர்த்தால் போதும். லென்ஸில் எல்-நிக்கார், கம்போனான்-எஸ், ரோடகான் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பூஞ்சை இல்லாவிட்டால். பழவேற்காடு ஈரக்காற்று பட்ட ஊர் இது. பூஞ்சை சிலந்தி வலை மாதிரி லென்ஸுக்குள்ளே படர்ந்திருக்கும். லென்ஸை முழுசாகத் திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார். பிரிண்ட் போடும்போது அப்பர்ச்சரை 5.6 அல்லது 8-க்கு மூடிக்கொள்.

வாங்கப் போகும்போது டார்ச்சோடு கொத்தனாரிடம் ஒரு ரசமட்டமும் கேட்டு எடுத்துப் போ. அடிப்பலகை, லென்ஸ் தகடு, நெகட்டிவ் கேரியர் மூன்றிலும் வைத்துப் பார். மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் படத்தில் ஒரு மூலை மட்டும் மங்கும். சரிசெய்யத் திருகு இருந்தால் வாங்கு, தூணே வளைந்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிட்டு வா.