நெடுவீச்சுத் தாக்குதல் (அமெரிக்கக் காற்பந்தாட்டம்)

நெடுவீச்சுத் தாக்குதல் என்பது அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் பந்தைச் சிறிது சிறிதாக நகர்த்திச் செல்லாமல், எதிரணியின் கடைசிக் காவலருக்கும் அப்பால் எறிந்து முன்னேறுவதை முதன்மையாகக் கொண்ட ஆட்ட முறை ஆகும். பந்தை எறியும் வீரர் குவாட்டர்பேக் எனவும், ஓடிச்சென்று அதைப் பிடிப்பவர் ரிசீவர் எனவும் அழைக்கப்படுகின்றனர். இக்கட்டுரையில் பின்னவர் பந்தேற்பாளர் எனக் குறிக்கப்படுகின்றார்.

வலிய கை கொண்ட ஒருவரும் விரைந்தோடும் ஒருவரும் கிடைத்துவிட்டால் இம்முறை தானே அமைந்துவிடும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் இம்முறையில் பெரும்புகழ் பெற்ற சில குவாட்டர்பேக்குகள் கைவலிமையில் முதலிடத்தில் இருந்தவர்கள் அல்லர். எறிபவரின் கணிப்பும் ஓடுபவரின் ஓட்டமும் ஒரே நேரக் கணக்கில் இயங்குவதே இம்முறையின் உயிர்நாடி.

ஆட்டத்தின் அடிப்படை

பெயரில் கால் இருப்பினும் இவ்வாட்டம் பெரும்பாலும் கைகளால் ஆடப்படுவது. அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பர். களம் 100 யார்டு நீளமும் 53⅓ யார்டு அகலமும் உடையது, இரு முனைகளிலும் 10 யார்டு அளவுள்ள இறுதிப் பகுதிகள் உண்டு (1 யார்டு என்பது சுமார் 0.91 மீட்டர்). பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் தரப்படும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். இல்லையேல் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். ஒவ்வொரு வாய்ப்பிலும் தொடக்கக் கோட்டின் பின்னிருந்து ஒருமுறை பந்தை முன்னோக்கி எறியலாம். பிடிக்கப்படாமல் தரையில் விழுந்தால் அந்த வாய்ப்பு வீணாகும். எதிரணியினர் பிடித்துவிட்டால் பந்தே பறிபோகும்.

நேரக் கணக்கு

காசிமேடு, வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளில் காற்பந்து ஆடிப் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை புதியதன்று. முன்னே ஓடும் தோழரின் காலுக்குப் பந்தைத் தட்டாமல், அவர் இன்னும் சென்று சேராத வெற்றிடத்திற்குத் தட்டுவர் அல்லவா? நெடுவீச்சிலும் அதுவே நிகழ்கின்றது. ஆனால் இங்கு பந்து உருள்வதில்லை. தலைக்கு மேலே பறக்கின்றது. எனவே பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு குறைவு.

தோராயமான எண்களைக் கொண்டு இதனை விளக்கலாம். 50 யார்டு (சுமார் 46 மீட்டர்) தொலைவுக்கு எறியப்படும் பந்து ஏறத்தாழ இரண்டரை நொடிகள் காற்றில் இருக்கும். முழு வேகத்தில் ஓடும் பந்தேற்பாளர் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் கடப்பார் எனக் கொண்டால், பந்து பறக்கும் நேரத்தில் அவர் 22 மீட்டருக்கு மேல் ஓடியிருப்பார். குவாட்டர்பேக் தொடக்கக் கோட்டுக்கு 7 யார்டு பின்னே நின்று எறிகின்றார். ஆகவே பந்து கையை விட்டு நீங்கும்போது பந்தேற்பாளர் கோட்டைக் கடந்து 18 அல்லது 19 யார்டு தொலைவில்தான் இருப்பார். அவ்வேளையில் அவரருகே ஒரு காவலரும் ஓடிக்கொண்டிருப்பார். பார்ப்பவருக்கு அவர் இன்னும் தனித்துவிடவில்லை என்றே தோன்றும். தனித்துவிட்டதைக் கண்ணால் கண்ட பின்னர் எறியலாம் என்று குவாட்டர்பேக் அரை நொடி காத்திருந்தால், ஓடுபவர் மேலும் 5 யார்டு சென்றிருப்பார். பந்து அவருக்குப் பின்னால் விழும். அதாவது குவாட்டர்பேக் தாம் காண்பதற்கு எறிவதில்லை. இனி நிகழப்போவதற்கு எறிகின்றார்.

காத்திருத்தலுக்கு மற்றொரு விலையும் உண்டு. ஆழமான ஓட்டப்பாதைகள் நிறைவுற நேரம் ஆகும் என்பதால் குவாட்டர்பேக் ஏழு அடிகள் பின்வாங்கி, பந்துடன் நெடுநேரம் நிற்க வேண்டியுள்ளது. அதுவரை முன்வரிசைத் தடுப்பாளர்கள் எதிரணியினரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தடுப்பதற்குக் கூடுதலாக இருவரை நிறுத்தினால் ஓடுவதற்கு இருவர் குறைவர். இம்முறையில் ஆடிய குவாட்டர்பேக்குகள் பலர் பந்தை எறிந்த கணத்திலேயே மோதித் தள்ளப்பட்டவர்கள். தாம் எறிந்த பந்து பிடிக்கப்பட்டதா என்பதை அரங்கின் ஆரவாரத்தைக் கேட்டே அறிய வேண்டிய நிலை அவர்களுக்குப் பலமுறை ஏற்பட்டது.

தோற்றம்

இம்முறையின் தந்தையாகக் கருதப்படுபவர் சிட் கில்மன் ஆவார். 1960-இல் சார்ஜர்ஸ் அணியின் பயிற்சியாளரான இவர், களத்தை ஒரு வடிவியல் கணக்காகக் கண்டார். எதிரணியின் 11 பேரும் களத்தின் முழு நீளத்தையும் அகலத்தையும் காக்கும்படி செய்துவிட்டால், அவர்களுக்கிடையே இடைவெளி தோன்றியே தீரும் என்பது இவரது கொள்கை. லான்ஸ் ஆல்வொர்த் என்னும் பந்தேற்பாளரைக் கொண்ட இவரது அணி, 1963 பருவத்தின் அமெரிக்கக் காற்பந்துக் கூட்டிணைவு இறுதியாட்டத்தில் பாஸ்டன் அணியை 51-10 என்ற கணக்கில் வென்றது.

கில்மனின் உதவியாளராக இருந்த அல் டேவிஸ் 1963-இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணிக்குச் சென்று இம்முறையை அங்கு வேரூன்றச் செய்தார். அதே காலத்தில் சான் டியேகோ மாநிலக் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்த டான் கோரியல், கில்மனின் பயிற்சிகளை அருகிலிருந்து கண்டு கற்றார். பின்னாளில் இம்முறை 'ஏர் கோரியல்' என அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

1978-ஆம் ஆண்டின் விதி மாற்றங்கள் இம்முறைக்குப் பெரிதும் துணை புரிந்தன. தொடக்கக் கோட்டிலிருந்து 5 யார்டுக்கு அப்பால் பந்தேற்பாளரை முட்டித் தடுக்கக் கூடாது என்னும் விதி அவ்வாண்டு வந்தது. தடுப்பாளர்கள் கைகளை நீட்டி, உள்ளங்கைகளை விரித்துத் தடுக்கவும் இசைவு கிடைத்தது. அதற்கு முன்னர் வழியெங்கும் இடித்துத் தள்ளப்பட்ட ஒருவருக்கு நேரக் கணக்கு வைத்துப் பந்து எறிவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஓட்டப்பாதைகளும் எண்களும்

கோரியலின் முறையில் ஓட்டப்பாதைகளுக்கு எண்கள் இடப்பட்டன. 9 என்பது நேராக முழு வேகத்தில் ஓடுதல். 8 என்பது ஆழத்தில் கம்பங்களை நோக்கி உட்புறம் சாய்தல். 7 என்பது களத்தின் மூலையை நோக்கி வெளிப்புறம் சாய்தல். 2 என்பது சில அடிகளிலேயே உட்புறம் வெட்டுதல். 9 நீங்கலாக, இரட்டைப்படை எண்கள் உட்புறத்தையும் ஒற்றைப்படை எண்கள் வெளிப்புறத்தையும் குறிக்கும். குவாட்டர்பேக் மூன்று இலக்கங்களைச் சொன்னால் மூன்று பந்தேற்பாளர்களுக்கும் தத்தம் பாதை தெரிந்துவிடும். நிரலாக்கம் அறிந்தவர்கள் இதன் சிக்கனத்தை உடனே உணர்வர்.

இம்முறையில் எல்லாப் பாதைகளும் ஒரே பயனுக்காக ஓடப்படுவதில்லை. 9-ஆம் பாதையில் ஓடுபவருக்குப் பந்து வராமலே போகலாம். ஆயினும் அவரைத் தொடர்ந்து கடைக்காவலர் பின்வாங்கியாக வேண்டும். அவர் விட்டுச் சென்ற இடத்தில் மற்றொருவர் 15 அல்லது 20 யார்டு தொலைவில் பந்தைப் பிடிப்பார். எனவே ஓர் அணிக்கு மூன்று விரைவோட்டக்காரர்கள் தேவையில்லை. மூவரும் மூவகையினராக இருப்பதே பொருந்தும்.

சான் டியேகோ, 1978-1983

இப்பொருத்தத்திற்குச் சிறந்த சான்று கோரியலின் சார்ஜர்ஸ் அணி. 1978 பருவத்தின் இடையில், 1 வெற்றியும் 3 தோல்விகளும் பெற்றிருந்த அணியை அவர் ஏற்றார். அவ்வாண்டு முதல் 1983 வரை தொடர்ந்து ஆறு பருவங்கள் எறிதல் யார்டுகளில் அவ்வணியே தேசியக் காற்பந்துக் கூட்டிணைவில் முதலிடம் பெற்றது. குவாட்டர்பேக்கான டான் ஃபவுட்ஸ் 1973-இல் மூன்றாம் சுற்றில் தேர்வானவர். விரைந்தோடக்கூடியவரோ மிக வலிய கை உடையவரோ அல்லர். ஆனால் பந்தேற்பாளர் திரும்புவதற்கு முன்னரே பந்தைக் கையிலிருந்து விடுவிக்கும் துணிவும், மோதல் வரும்வரை அசையாது நிற்கும் உறுதியும் அவரிடம் இருந்தன. 1981-இல் அவர் 4,802 யார்டுகள் எறிந்தார்.

1980-இல் இவ்வணியின் மூவர் தலா 1,000 யார்டுகளைக் கடந்தனர். ஒரே அணியில் மூவர் அவ்வாறு கடந்தது அதுவே முதன்முறை. ஜான் ஜெஃபர்சன் உயரே தாவிப் பிடிப்பதில் வல்லவர். சார்லி ஜாய்னர் வேகத்தைவிடத் துல்லியமான திருப்பங்களால் அறியப்பட்டவர். கெல்லன் வின்ஸ்லோ டைட் எண்ட் என்னும் நிலையைச் சேர்ந்தவர். தடுப்பாளர்களுக்கு அருகே நிற்க வேண்டிய அந்நிலை வீரரை, கோரியல் வெளியே நகர்த்தி ஓடவிட்டார். அவரைக் காக்கப் பருமனான வீரரை நிறுத்தினால் வேகம் போதாது. சிறிய வீரரை நிறுத்தினால் உயரம் போதாது.

1981-இல் ஊதியத் தகராறு காரணமாக ஜெஃபர்சன் கிரீன் பே அணிக்கு மாற்றப்பட்டார். வெஸ் சாண்ட்லர் அவ்விடத்திற்கு வந்தார். வேலைநிறுத்தத்தால் 9 ஆட்டங்களாகச் சுருங்கிய 1982 பருவத்தில் சாண்ட்லர் 8 ஆட்டங்களிலேயே 1,032 யார்டுகள் பெற்றார். ஜெஃபர்சனோ புதிய அணியில் பழைய எண்ணிக்கையை எட்டவே இல்லை. பொருத்தம் என்பது தனி மனிதரின் திறமையிலிருந்து வேறுபட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எனினும் இவ்வணி சூப்பர் பௌல் இறுதியாட்டத்தை ஒருமுறையும் எட்டவில்லை. 1982 சனவரி 2 அன்று மயாமியின் புழுக்கத்தில் கூடுதல் நேரம் வரை நீண்ட ஆட்டத்தை 41-38 என வென்றது. அதில் வின்ஸ்லோ 13 முறை பந்தைப் பிடித்தார். எட்டு நாட்கள் கழித்துச் சின்சினாட்டியில், உறைபனிக்குக் கீழே ஏறத்தாழ 23 செல்சியசு பாகைக் குளிரிலும் கடுங்காற்றிலும் 27-7 எனத் தோற்றது. நெடுவீச்சுக்குக் காற்று பெரும்பகை.

மாற்று முறை

அன்று சின்சினாட்டியின் குவாட்டர்பேக்காக இருந்த கென் ஆண்டர்சன், பில் வால்ஷிடம் பயின்றவர். வால்ஷும் ஓக்லண்டில் நெடுவீச்சு கற்றவரே. 1969-இல் சின்சினாட்டியில் அவருக்குக் கிரெக் குக் என்னும் வலிய கையர் கிடைத்தார். ஆனால் முதல் பருவத்திலேயே குக்கின் தோள் காயமுற்றது. அடுத்து வந்த வர்ஜில் கார்ட்டருக்குத் தொலைதூரம் எறியும் வலிமை இல்லை; துல்லியம் இருந்தது. (1971-இல் காற்பந்தாட்டத்தைப் பற்றிச் செயற்பாட்டு ஆய்வுக் கட்டுரை ஒன்றை இணைந்து எழுதியவரும் இந்தக் கார்ட்டரே.) அவருக்கேற்பக் குறுவீச்சுகளைக் கொண்டு வால்ஷ் அமைத்த முறையே பின்னர் 'வெஸ்ட் கோஸ்ட்' முறை எனப் பெயர் பெற்றது. குக்கின் தோள் நலமாக இருந்திருந்தால் அது பிறந்திருக்குமா என்பது ஐயமே.

சென் லூயிஸ், 1999

சென் லூயிஸ் ராம்ஸ் அணியில் கோரியல் மரபைப் பின்பற்றியவர் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் மைக் மார்ட்ஸ். பருவம் தொடங்கும் முன்னரே குவாட்டர்பேக் டிரெண்ட் கிரீன் காயமுற்றார். மாற்றாக வந்த கர்ட் வார்னர் முன்பு மளிகை அங்காடியில் பொருள் அடுக்கியவர். சிறு களத்தில் ஆடப்படும் உள்ளரங்கக் காற்பந்தில் விரைந்து எறியப் பழகியவர். ஐசக் புரூஸ், டோரி ஹோல்ட் ஆகியோருடன் இப்பழக்கம் இயல்பாகப் பொருந்தியது. அப்பருவத்தில் அவர் 41 டச்டவுன்கள் எறிந்தார்.

2000 சனவரி 30 அன்று நடந்த சூப்பர் பௌலில் கணக்கு 16-16 ஆக இருந்தபோது, ஏறத்தாழ இரண்டு நிமிடங்களே எஞ்சியிருந்தன. வார்னர் எறியும் கணத்தில் எதிரணியின் ஜெவோன் கியர்ஸ் அவர் மீது மோதினார். பந்து போதிய தொலைவு செல்லவில்லை. புரூஸ் அதனை முன்கூட்டியே கண்டு வேகத்தைக் குறைத்து, பந்தை நோக்கித் திரும்பிப் பிடித்தார். அருகில் ஓடிய காவலரால் அவ்வாறு நிற்க இயலவில்லை. 73 யார்டு டச்டவுன் ஆயிற்று. ராம்ஸ் 23-16 என வென்றது.

இந்தியாவில்

2012-இல் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா தன் முதல் பருவத்தை நடத்தியது. இந்திய அணிகளுடன் கொழும்பு அணியும் பங்கேற்றது. முதலீட்டாளர்களுள் கர்ட் வார்னரும் ஒருவர். வீரர்கள் பெரும்பாலும் ரக்பி, தடகளம், கபடி ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள். தடகள வீரர் ஒருவர் 9-ஆம் பாதையை விரைவில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இரு முனைகளும் கூரிய பந்தைத் தையலின் மேல் விரல் பதித்துச் சுழற்றி எறிவது, கிரிக்கெட் பந்தை எறிந்து பழகிய கைக்கு எளிதில் வருவதில்லை.