வீட்டிலிருந்து உழைப்போருக்கு விசேஷ வரியா?

வரி விதிப்பதற்குப் புதிய காரணங்களைக் கண்டுபிடிப்பதில் மனிதனுடைய மூளை ஒருநாளும் சோர்வடைந்ததில்லை. 2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கோவிட் தொற்றினால் உலகமே கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடந்த சமயத்தில், டாய்ச்சே பாங்கின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த லூக் டெம்பிள்மன் என்பவர் ஒரு யோசனையை வெளியிட்டார். காரியாலயத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலை செய்வோர், அவ்வாறு வேலை செய்யும் ஒவ்வொரு தினத்துக்கும் அன்றைய சம்பளத்தில் 5 சதவீதத்தை வரியாகச் செலுத்த வேண்டும் என்பதே அந்த யோசனை. முதலாளி உட்கார இடம் கொடுக்காவிட்டால் முதலாளி கட்டுவது. இடமிருந்தும் தானாகவே வீட்டில் தங்குகிறவன் என்றால் அவனே கட்டுவது. அமெரிக்காவில் மட்டும் இதனால் ஆண்டுக்கு 4800 கோடி டாலர் கிடைக்கும் என்றும், வீட்டிலிருந்து வேலை செய்ய இயலாத ஏழைத் தொழிலாளிகளுக்கு அதனைத் தலைக்கு 1500 டாலராகப் பகிர்ந்தளிக்கலாம் என்றும் அவர் கணக்கிட்டார். சுயதொழில் செய்வோருக்கும் குறைந்த வருமானமுள்ளோருக்கும் விலக்கு உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார்.

எந்த ராஜ்யமும் இதைச் சட்டமாக்கவில்லை. ஆயினும் இது மாண்டுபோன யோசனை என்று நாம் அலட்சியமாயிருப்பதற்கில்லை. சர்க்கார்களின் கஜானா வறளும்போதெல்லாம் பழைய யோசனைகள் உயிர்பெற்று எழுவது வழக்கம்.

இது அயல்நாட்டு விவகாரம், நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். விழுப்புரம் ஜில்லா வானூர் தாலுகாவிலே, 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி அஸ்திவாரமிடப்பட்ட ஆரோவில் நகரையும், அதனைச் சுற்றியுள்ள குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, இரும்பை முதலிய கிராமங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கம்பெனிகளுக்கு இங்கே மரநிழலில் அமர்ந்து கம்ப்யூட்டர் மூலமாக வேலை செய்து சம்பளம் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால் மரக்காணம் வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். கோடை வெயிலில், உப்புநீரில் கால் பதித்து, பாத்தியிலிருந்து உப்பை வாரிக் கரையேற்றும் ஆண்களும் பெண்களும் அங்கே உழைக்கிறார்கள். உப்பளத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்திகள் மூழ்கும், வேலையும் மூழ்கும். அந்த மாதங்களுக்காக சர்க்கார் அளிக்கும் நிவாரணம் 5000 ரூபாய்.

ஒருவன் நிழலில், மற்றவன் வெயிலில். நிழலில் இருப்பவனிடம் சிறிது வாங்கி வெயிலில் இருப்பவனுக்குக் கொடுத்தால் என்ன? யோசனையின் பலமெல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இதை ஏளனம் செய்து தள்ளிவிட நாம் விரும்பவில்லை. உப்பளத் தொழிலாளிக்கு இந்தச் சமூகம் கடன்பட்டிருக்கிறது. கடனைத் தீர்க்கப் பணம் வேண்டும். பணம் உள்ளவனிடமிருந்துதான் அது வர வேண்டும். இதுவரை ஆட்சேபமில்லை. ஆனால் ஒருவன் உள்ளவனா இல்லாதவனா என்பதை அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதைக் கொண்டு அளப்பதுதான் விபரீதம். வருமானத்தை அளப்பதற்கு வருமான வரி இருக்கிறது. பத்து லட்சம் சம்பாதிக்கிறவன் வீட்டுத் திண்ணையில் சம்பாதித்தாலும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் சம்பாதித்தாலும் அந்தப் பத்து லட்சம் பத்து லட்சந்தானே! பின்னையும் வேண்டுமென்றால் வருமான வரியை உயர்த்துங்கள். கட்டடத்தில் உள்ளவனைத் தப்பவிட்டுத் திண்ணையில் உள்ளவனை மட்டும் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

அவன் பஸ் ஏறவில்லை, ஹோட்டலில் சாப்பிடவில்லை, சட்டையைச் சலவைக்குப் போடவில்லை, ஆகையால் வியாபாரம் நஷ்டமடைகிறது என்றும் ஒரு வாதம் சொல்லப்படுகிறது. சிக்கனம் குற்றமென்றால் நம் பாட்டிமார் அனைவரும் குற்றவாளிகளே.

வீட்டிலிருந்து உழைப்பதற்கு வரி என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதுமன்று. நெசவாளனின் தறி அவன் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தட்டானின் உலையும் அவன் வீட்டிலேதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் தறி இறை, செக்கிறை, தட்டார்பாட்டம் என்று வரிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கும்பினியார் ஆண்ட காலத்தில், முந்தைய ஆட்சிகளிலிருந்து வந்த இத்தகைய வரிகள் மோதுர்பா என்ற பெயரில் சென்னை மாகாணத்தில் நீடித்தன. தறிக்கு வரி, கருவிக்கு வரி, சிறு கடைக்கு வரி. வங்காளத்தில் 1793-லும் பம்பாயில் 1844-லும் ஒழிந்த இந்த வரி சென்னையில் மட்டும் பிடிவாதமாய் நின்றது. காசுலு லட்சுமிநரசு செட்டியார் தலைமையில் சென்னை சுதேசிகள் சங்கத்தார் 1852-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் முறையிட்டுக்கொண்ட கொடுமைகளில் மோதுர்பாவும் ஒன்று. வரி சிறிதாயிருந்தாலும், அதை வசூலிப்பதற்காக உத்தியோகஸ்தன் வீட்டு வாசலுக்குள் நுழைந்து தறியை எண்ணினான், கருவியை எண்ணினான். அந்தக் கணக்கெடுப்பில்தான் லஞ்சமும் மிரட்டலும் வளர்ந்தன. 1860-களின் தொடக்கத்தில், வருமான வரி வந்த பிறகுதான் அது மறைந்தது. வருமானத்தை அளக்கும் வரி ஒன்று வந்தவுடன், இடத்தையும் கருவியையும் எண்ணும் வரிக்கு அவசியமில்லாமல் போயிற்று. இப்பொழுது அதே பாதையில் பின்னோக்கி நடக்கச் சொல்கிறார்கள்.

இன்றைய திட்டத்தில் ஏழைகளுக்கு விலக்கு உண்டே என்பார்கள். ஆரம்பத்தில் உண்டு. விலக்கைப் பெற மனுப் போட வேண்டும். மனுவுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு உத்தியோகஸ்தன் வேண்டும். பீடி சுற்றும் பெண்ணும் தையல் யந்திரத்தில் குனிந்திருக்கும் விதவையும் வீட்டிலிருந்து உழைப்பவர்களே. எந்த நாள் எந்த வீட்டில் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்று அறிய சர்க்கார் எந்தச் சாளரத்தின் வழியாக எட்டிப் பார்க்கப் போகிறது?

இவர்களுக்கு வேறுவிதமாக உதவ முடியும் என்பதை நமது நாடே காட்டியிருக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2016-இல் தமிழக அரசு வழங்கியது; 2023-இல் அது 300 யூனிட்டாயிற்று. வீட்டில் தறி வைத்ததற்காக அன்று வரி, இன்று சலுகை. ஐரோப்பாவிலும் இவ்வாறே. டாய்ச்சே பாங்கின் தாய்நாடான ஜெர்மனியே, அந்த யோசனை பிறந்த அதே 2020-ஆம் ஆண்டுக்கு, வீட்டில் வேலை செய்யும் நாளொன்றுக்கு 5 யூரோ வீதம் வருமானத்தில் கழித்துக்கொள்ள அனுமதித்தது. பின்னர் அதை 6 யூரோவாக உயர்த்தியது. தன் மின்சாரம், தன் நாற்காலி, தன் அறை ஆகியவற்றை முதலாளியின் வேலைக்கு ஒப்புவித்தவனுக்குச் செலவு உண்டு என்பதை அந்நாடு ஒப்புக்கொண்டது.

நமது அரசியல் சட்டத்தையும் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். தொழில்வரி விதிக்க ராஜ்யங்களுக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் அதிகாரமளிக்கும் 276-ஆவது ஷரத்து ஓர் உச்சவரம்பும் கட்டியிருக்கிறது. 1950-இல் அது ஆண்டுக்கு 250 ரூபாய். 1988-இல் நிறைவேறிய 60-ஆவது திருத்தத்தின்படி 2500 ரூபாய். மாதம் 50,000 ரூபாய் சம்பளமுள்ள ஒருவன் எல்லா நாளும் வீட்டிலிருந்து வேலை செய்தால், டெம்பிள்மன் கணக்கின்படி அவன் மாதந்தோறும் கட்ட வேண்டியது 2500 ரூபாய். நமது அரசியல் சட்டம் வருஷம் முழுவதற்கும் வகுத்த எல்லையை அவர் ஒரே மாதத்தில் எட்டிவிடுகிறார்!

உப்பளக் கரையில் நின்று வரியைப் பற்றிப் பேசுகிறவன் உப்பு வரியை மறக்க முடியாது. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு, கும்பினியின் ஏகபோகமாயிற்று. 1923-இல் சட்டசபை மறுத்தும் வைஸ்ராய் ரீடிங் தமது விசேஷ அதிகாரத்தைக் கொண்டு அவ்வரியை இரட்டிப்பாக்கினார். மறு வருஷமே குறைக்க நேர்ந்தது. 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி வேதாரண்யத்தில் அந்தச் சட்டத்தை மீறிச் சிறை புகுந்தார். 1947-இல் வரி ஒழிந்தது. பணம் வேண்டும் என்ற காரணம் ஒன்றினாலேயே எந்த வரியும் நியாயமாகிவிடாது என்பதற்காகத்தான் அத்தனை பேர் தடியடி பட்டார்கள்.

ஆனால் இந்த விவகாரத்தில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தமிழ்நாட்டில் தொழில்வரி ஸ்தல ஸ்தாபனங்களின் வருமானம். மாதச் சம்பளக்காரனின் தொழில்வரியை முதலாளி பிடித்தம் செய்து, காரியாலயம் இருக்கும் ஊரின் ஸ்தாபனத்துக்குக் கட்டிவிடுகிறார். சென்னைக் கம்பெனி என்றால் சென்னை மாநகராட்சிக்கு. பெங்களூர்க் கம்பெனி என்றால் கர்நாடக சர்க்காரின் கஜானாவுக்கே போய்விடக்கூடும். அந்த ஊழியன் நடக்கும் சாலை இரும்பையினுடையது. குடிக்கும் தண்ணீர் இரும்பையினுடையது. போடும் குப்பையை வாருவதும் இரும்பை ஊராட்சியின் துப்புரவுத் தொழிலாளியே. ஊராட்சிக்கு அவனுடைய தொழில்வரியில் ஒரு காசு வருவதில்லை. அமெரிக்காவிலும் இதே தகராறுதான். வீட்டிலிருந்து வேலை செய்த தன் பிரஜைகளிடம் மாசசூசெட்ஸ் வரி வாங்குவதை எதிர்த்து நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2021 ஜூனில் கோர்ட் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அங்கே தீராதது இங்கே தீரக்கூடும். ஏனெனில் நமது ஊராட்சிகளும் மாநகராட்சிகளும் ஒரே சட்டசபையின் சட்டங்களுக்கு உட்பட்டவை.

ஊழியன் புதிதாக ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. அரையாண்டின் பெரும்பகுதியை எந்த ஊரில் இருந்து உழைத்தான் என்பதை அவனே ஒரு வரியில் எழுதிக் கொடுக்கட்டும்; முதலாளி அந்த ஊராட்சிக்கே பணத்தை அனுப்பட்டும். தமிழ்நாட்டுக்குள் உள்ள கம்பெனிகளைப் பொறுத்தவரை இதற்கு டில்லியின் தயவு தேவையில்லை. சென்னைச் சட்டசபையில் ஒரு திருத்த மசோதா போதும். வானூர், மரக்காணம் பகுதி ஊராட்சித் தலைவர்கள் ஒன்றுகூடி இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னதாகவே தங்கள் சட்டசபை அங்கத்தினர்களின் கையில் கொடுக்க வேண்டும்.