பட்டாளத்து புல்லட்டும் ஆம்பியர் முள்ளும்

கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ராணுவம் கழித்துவிட்ட பழைய புல்லட் 350 ஒன்று, பல கை மாறி, அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறதாம். டேங்கைச் சுரண்டிப் பார்த்தால் சிவப்புக்கு அடியில் கறுப்பு, கறுப்புக்கு அடியில் பட்டாளத்துப் பச்சை. "வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா? பழையபடி பச்சை அடிக்கலாமா? மட்கார்டை வெட்டிக் கொஞ்சம் ஸ்டைலாக்கலாமா?" என்று கேட்கிறார். முதல் கேள்விக்குத் தாராளமாக என்பது பதில். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை புல்லட் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தட் தட் என்று அது மேடேறும் சத்தத்திலேயே வருவது யாருடைய வண்டி என்று சொல்லும் ஆட்கள் இங்கே உண்டு. அதனால் நேராக அதன் பட்டாளத்துப் பிறப்புக்கு வருகிறேன்.

இது துப்பாக்கியோடு உறவுள்ள வண்டி. இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்கள், என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான பாகங்களும் செய்து கொடுத்தார்கள். அந்த உறவில் வந்ததுதான் ராயல் என்ஃபீல்டு என்ற பெயர். 1901ல் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது, 1932ல் புல்லட். 1950களின் தொடக்கத்தில், எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய நம் ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. 1955ல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967ல் மூடப்பட்டது, 1970ல் அந்த ஆங்கில நிறுவனமே இல்லாமல் போனது. திருவொற்றியூரில் மட்டும் உலை அணையவில்லை.

வீட்டில் வைத்துப் பழைய வண்டியைச் சரிசெய்கிறவருக்கு இந்த வரலாறு சோறு போடும் வரலாறு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய பிஎஸ்ஏ எம்20, நார்ட்டன் 16எச் போன்றவற்றுக்கு ஒரு கியர் பல் உடைந்தால் வெளிநாட்டுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும். வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டோ கிட்டத்தட்ட ஒரே வடிவத்தில் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டே இருந்தது. வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர் போனால் பிஸ்டன் ரிங் முதல் கிளட்ச் பிளேட் வரை கிடைக்கும். சிலிண்டரை ரீபோர் செய்யவும், கிராங்கைப் பிரித்துக் கோத்து நேர்பார்க்கவும் பழகிய கைகள் அங்கே இன்னும் இருக்கின்றன.

வீட்டிலேயே சரிசெய்ய முடியும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டறை இல்லாத இடத்தில் கைக்கருவியை வைத்தே ஒரு ஜவான் சரிசெய்துகொள்ளக்கூடியதாக இருந்தால்தான் ஒரு வண்டி பட்டாளத்துக்கு உதவும். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 90, கொள்ளளவு 346 சிசி, ஆற்றல் 18 குதிரைத்திறன். அவசரப்படாத எஞ்சின் இது. டேப்பட் சரிபார்க்க அளவுத் தகடுகூட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. பாயிண்ட் இடைவெளிக்கு மட்டும் தகடு தேவை: 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஒரே எச்சரிக்கை, பழைய வண்டியின் மறைகளில் பல அங்குல அளவு. அதில் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிப் போகும்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஹெட்லைட்டுக்கு மேலே, ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில், நடுவில் சுழியம் போட்ட ஒரு சின்ன வட்டம் இருக்கும். ஆம்பியர் மீட்டர். பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா, அதிலிருந்து இறங்குகிறதா என்று காட்ட வைத்தது. இன்றைக்கு அதைப் பார்ப்பவர்கள் குறைவு. பழைய பாயிண்ட் பற்றவைப்பு உள்ள புல்லட்டில் அந்த முள், எஞ்சினுக்குள் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்றும் சொல்லும்!

சாவியைத் திருப்புங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பேட்டரியிலிருந்து காயில் வழியாக மின்சாரம் ஓடும், முள் இறங்கும் பக்கம் சாயும். இனிக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். எஞ்சின் சுற்றச் சுற்ற, ஒரு கட்டத்தில் கேம் வந்து பாயிண்டைத் திறக்கும். மின்சாரம் நிற்கும், முள் துள்ளி நடுவுக்கு வரும். பாயிண்ட் திறக்கும் நேரம்தான் தீப்பொறி விழும் நேரம். எனவே முள் நடுவில் நிற்கிறது என்றால், பிஸ்டன் பெட்ரோல் ஆவியை இறுக்கிக்கொண்டு உச்சியை நெருங்கிவிட்டது என்று பொருள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒருமுறை ஆவியை இறுக்கிக்கொண்டு, இன்னொருமுறை புகையை வெளியே தள்ளிக்கொண்டு. இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுதான். ஆனால் புல்லட்டின் பாயிண்ட், எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். அதனால் புகையைத் தள்ளும் உச்சியில் முள் அசையாது, இறுக்கும் உச்சியில் மட்டும் துள்ளும்.

முள் நடுவுக்கு வந்ததும், இடது கைப்பிடியில் இருக்கும் டிகம்ப்ரஷன் லீவரை அழுத்த வேண்டும். அது சிலிண்டர் தலையில் ஒரு சிறு வால்வைத் திறந்து, இறுகிய காற்றை வெளியே விடும். அப்படியே கிக்கரை இம்மியளவு கீழே தள்ளி, பிஸ்டனை உச்சி தாண்ட விட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே நீள மிதி. வண்டி எடுத்துவிடும்.

ஏன் உச்சி தாண்ட வேண்டும்? எங்கள் வீட்டுக் கூடத்து ஊஞ்சலை ஆட்டிப் பழகியவன் என்பதால் எனக்கு இது எளிதில் புரிந்தது. பலகை நம்மை நோக்கி வரும்போது தள்ளினால் மணிக்கட்டு வலிக்கும். அது வந்து திரும்பும் அந்தக் கணம் கடந்ததும் ஒரு விரலால் தள்ளினாலும் போதும். உச்சிக்கு முன்னால் நின்று மிதித்தால், தீப்பொறி விழுந்து பிஸ்டன் பின்னால் திரும்பி, கிக்கர் காலை உதைக்கும். புல்லட் கணுக்காலை உடைத்த கதை சொல்லாத ஊர் நம் பக்கம் இல்லை. அந்தக் கதைகளில் முக்காலும் முள்ளைப் பார்க்காதவர்களின் கதை.

புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் முதலில் பிடுங்கி எறிவதும் இந்த முள்ளைத்தான். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் பற்றவைப்பு போட்டால் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு முள் இந்தச் சேதியைச் சொல்லாது. மீட்டர் இருந்த ஓட்டையில் கடிகாரம் வைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்!  முள் சொல்லும் சேதியைப் பழைய மெக்கானிக் எடுத்துச் சொன்னாலும், அதைக் கேட்க ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

வேலையைத் தொடங்குகிறவர் தன் ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து வண்டிக்கு வெயிலும் தூசியும் எதிரி. ரப்பர் வெடித்திருக்கும், காற்று வடிகட்டி அடைத்திருக்கும். பீருமேடு, மூணாறு வண்டிக்கு மழை எதிரி. ரிம்மின் உள்பக்கம், டேங்கின் அடி, மட்கார்டு மடிப்பு என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களைத் துரு தின்றிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியே கிளட்ச்சும் டிரம் பிரேக்கும் தேய்ந்திருக்கும். பாலக்காடு கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட இல்லை, மூணாறு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைகிறது. கீழே ஒழுங்காக ஓடிய கார்புரேட்டர் மேலே பெட்ரோலை அதிகமாக ஊற்றும், பிளக் கரி பிடிக்கும். மெக்கானிக்கைத் திட்டுமுன் ஜெட்டை மாற்றிப் பாருங்கள்.

பல ஆண்டு நின்ற வண்டியாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். புல்லட்டின் ஆயில், எஞ்சின் உறையோடு சேர்த்து வார்த்த ஒரு தனி அறையில் இருக்கும். பம்ப் வழியாக அது மெல்லக் கசிந்து கிராங்க் அறையை நிரப்பிவிடும். அதை வடிக்காமல் கிக்கரை மிதித்தால் ஆயில் கிடைத்த வழியிலெல்லாம் பீய்ச்சும், பழி பேக்கிங் மேல் விழும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். குழாய்களையும் வாஷர்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள். நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கில் பெட்ரோலை விடாதீர்கள்.

இனிப் பச்சை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல் 121ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது: பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. உண்மையிலேயே பட்டாளத்தில் ஓடிய வண்டியானாலும், விற்ற பிறகு அது உங்கள் வண்டி. மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட ராணுவ எண்ணை அழகுக்காக எழுதிக்கொள்வதும் கூடாது. சீருடையை இறக்கி வைத்த வண்டி அது, அப்படியே இருக்கட்டும். கறுப்பு அடியுங்கள், ஆர்.சி.யில் நிறத்தைப் பதிவு செய்யுங்கள்.

மட்கார்டை வெட்டுவது இன்னும் பெரிய விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. அந்த வழக்கு போனதே நம் கேரளத்திலிருந்துதான்.

வெட்டாமல் வைத்திருப்பவருக்குப் பலனும் உண்டு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றமில்லாமல் இருக்கும் இருசக்கர வண்டியை, 2021ல் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். விஏ எழுத்துள்ள எண் கிடைக்கும், பதிவு 10 ஆண்டு செல்லும். அந்த எண்ணோடு அன்றாடம் கடைக்குப் போக முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும்தான். இன்று ஸ்டைலுக்காகச் சேசிஸை அறுத்தவர் நாளை இந்தக் கதவைத் தட்ட முடியாது.

சைலன்சரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மறையூரிலிருந்து உடுமலைக்கு இறங்கும் சாலை சின்னார் சரணாலயத்துக்குள் போகிறது. உள்ளே தடுப்பில்லாத குழாயை மாட்டிக்கொண்டு அந்தக் காட்டைப் பிளந்து போகிறவர்கள் அதை வீரம் என்று நினைக்கிறார்கள். யானை வழியில் வெடிச் சத்தம் போடுவதில் என்ன வீரம்? பட்டாளம் ஓட்டிய புல்லட்டுக்குக் கம்பெனி சைலன்சர் போதுமாக இருந்தது.

மாற்றவே கூடாதா என்றால், தாராளமாக மாற்றலாம். ஒற்றை சீட், கேரியர், கம்பெனி கொடுத்த வேறு ஹேண்டில்பார் எல்லாம் போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை. விரும்பினால் மீண்டும் பழையபடி வைத்துவிடலாம். கழற்றிய எதையும் காயலான் கடைக்குப் போடாமல், துணியில் சுற்றி, பெயர் எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். பழைய பட்டாளத்து வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்குமுன் காகிதத்தைப் பாருங்கள். ராணுவ ஏல விற்பனைச் சான்றும், எஞ்சின் எண்ணும், சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பொருந்தினால், ஸ்பேனரை எடுங்கள், கட்டரை எடுக்காதீர்கள்.