சைக்கிளில் ஒரு சாப்பாட்டு உலா
கொச்சி ஜூ டவுனில் யூதர்களின் அடுப்புகள் அணைந்துவிட்டன. அக்கம்பக்கத்துத் தெருக்களில் இன்னும் எரிகின்றன.

ஜப்பானின் ககவா பகுதிக்குப் போகும் பலருக்குக் கோயில் குளம் அப்புறம்தான். கோதுமை மாவில் செய்யும் உடோன் என்ற தடித்த நூடுல்ஸ்தான் முதலில். வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கடைகளைத் தேடித்தேடிச் சாப்பிடுகிறார்கள். மடக்கு சைக்கிளைப் பைக்குள் போட்டு ரயிலில் கொண்டுவந்து, இறங்கியதும் விரித்து மிதிப்பவர்களும் உண்டு.

நம் நாட்டில் அப்படியொரு உலாவுக்குத் தோதான ஊர் மட்டாஞ்சேரி. எர்ணாகுளத்தில் படகேறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கினால், பழைய கிடங்குகள் வரிசைகட்டிய பஜார் ரோடு வழியாக ஜூ டவுன் சுமார் 2 கி.மீ.தான். மேடு பள்ளம் கிடையாது. கார் திணறும் சந்துகளில் சைக்கிள் சுலபமாக நுழையும். வாசனை மூக்கைத் தொட்ட இடத்தில் காலை ஊன்றி நின்றுவிடலாம்.

காலையில் டீக்கடை இடியாப்பத்தில் தொடங்கலாம். அரிசி மாவைப் பிழிந்து ஆவியில் வேகவைக்கும் இதுதான் நம் ஊர் நூடுல்ஸ். வடகேரளத்தில் இதன் பெயரே நூல்புட்டு. தொட்டுக்கொள்ளக் கடலைக் கறி, முட்டைக் கறி அல்லது தேங்காய்ப் பால்.

அந்தத் தேங்காய்ப் பாலுக்கு யூதர் வீடுகளில் தனி மரியாதை. இறைச்சியோடு பால் சேரக் கூடாது என்பது அவர்களுடைய உணவு விதி. தேங்காய்ப் பால் அந்தக் கணக்கில் வராது. அதனால் கறிக்குழம்பில் தாராளமாக ஊற்றினார்கள். சின்ன வெங்காய மசாலாவில் சுட்டுள்ளி மீன், பூரணம் வைத்துப் பொரித்த பாஸ்டெல் என்று அவர்கள் சமையல் மலையாள மண்ணோடு கலந்தது.

1568ல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயில் அப்படியே நிற்கிறது. சமைத்தவர்கள்தான் இல்லை. கேரள யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். இந்தத் தெருவின் முகமாக இருந்த சாரா கோஹன் 2019ல் 96 வயதில் மறைந்தார். க்வீனி ஹலேகுவா 2024ல் காலமானார். பழைய வீடுகள் பல இன்று கலைப்பொருள் கடைகள். அந்தச் சமையலின் மிச்சத்தைத் தேடுபவர்கள், கொச்சி யூதர்கள் குடியேறிய நெவாதிம் போன்ற இஸ்ரேல் கிராமங்களுக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே ஜூ டவுனோடு சைக்கிளை நிறுத்திவிட வேண்டாம். கொஞ்ச தூரத்தில், நியூ ரோட்டில், 1948 முதல் இயங்கும் ரஹ்மத்துல்லா ஹோட்டல். உள்ளூரில் காயிக்கா கடை என்றால்தான் தெரியும். பிரியாணிக்குப் பேர்போனது. குஜராத்தி ரோட்டில் வியாபாரத்துக்கு வந்து தங்கிய குஜராத்திகளின் இனிப்பு, காரம். செர்லாயி பக்கம், போர்ச்சுகீசியர் கொடுமை தாங்காமல் கோவாவிலிருந்து வந்த கொங்கணிகள். ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில், டச்சுக்காரர்கள் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் வாரிசுகள். டோபி கானா துவைகல்லருகே நின்றால் தமிழ் காதில் விழும்.

இவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. அதனால் ருசியும் போகவில்லை. கட்டடத்தைப் பழுதுபார்த்துக் காப்பாற்றலாம். சமையலைக் காப்பாற்ற ஆள் வேண்டும், சாப்பிடவும் ஆள் வேண்டும்.

சனிக்கிழமை யூதக் கோயில் மூடியிருக்கும். வேறு நாளாகப் பார்த்து, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். வெறும் வயிற்றோடு.